‘ஹேவ் வென்ட்’ என்று தமிழில் சொல்ல முடியுமா?

நான்காம் படிவத்தில் படிக்கும் என் தம்பி, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த என்னிடம் தன் ஆங்கிலக் கட்டுரைத்தாளை நீட்டினான். கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தான். தாளில் 11 இடங்களில் சிவப்பு மை. எண்ணிப் பார்த்தேன். அவற்றில் 7 ஒரே வகைத் தவறு. ‘வி ஹேவ் வென்ட்’, ‘மை அங்கிள் ஹேட் ட்ரோவ்’, ‘ஐ ஹேவ் ஏட்’, ‘தி ரெயின் ஹேட் கேம்’ என்று வரிசையாக நின்றன.

“என்னக்கா இது? வென்ட்டும் பாஸ்ட்தானே? போய்ட்டு வந்தாச்சு, முடிஞ்சு போச்சு. அப்புறம் ஏன் தப்பு?” என்றான்.

“ஹேவ் வந்தா கான்தான் வரும். மனப்பாடம் பண்ணிக்கோ,” என்றேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

சமையலறையிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரையும் தமிழ்ப்பள்ளியில போட்டதுதான் தப்போ என்னமோ,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம்தான் சித்தி தொலைபேசியில், தன் மகளை எந்தப் பள்ளியில் பதிவது என்று அம்மாவிடம் யோசனை கேட்டிருந்தார். தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்தில், வகுப்பின் முன்னால் நின்று நான் பேசிய முதல் வாக்கியமே ‘வி ஹேவ் சோஸ் திஸ் டாபிக்’ என்பதுதான். முன்வரிசையில் இருந்த ஒருவர் மெல்ல ‘சோஸன்’ என்றார். மீதிப் பத்து நிமிடமும் நான் சுவரைப் பார்த்துப் பேசினேன். அன்று நானும் அம்மா நினைத்ததையேதான் நினைத்தேன்.

நாங்கள் இருவரும் நினைத்தது தவறு என்பது தம்பியின் கேள்விக்கு விடை தேடியபோதுதான் புரிந்தது. மாணவ நண்பர்களே, அதைத்தான் உங்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், இது காதால் கற்க வேண்டிய பாடம்.

விடை நம் வாயிலேயே இருக்கிறது

மறுநாள் காலை தம்பியிடம், “அந்த முதல் வாக்கியத்தைத் தமிழ்ல சொல்லு,” என்றேன்.

“நாங்க கேமரன் மலைக்குப் போயிருக்கோம்.”

“‘போனோம் இருக்கோம்’னு ஏன் சொல்லல?”

சிரித்துவிட்டான். “அப்படி யாராச்சும் பேசுவாங்களாக்கா?”

இதுதான் விடை. ‘போனோம்’ என்பது வினைமுற்று. அது தனியாக நிற்கும், வாக்கியத்தை முடித்துவிடும். ‘போய்’ என்பது வினையெச்சம். அது தனியாக நிற்காது, முடித்து வைக்க ஒரு துணைவினை வேண்டும். போய் + இருக்கிறோம், போயிருக்கிறோம். துணைவினை வந்துவிட்டால் அதற்கு முன்னால் எச்சம்தான் வர முடியும், வினைமுற்று வர முடியாது. இதை நமக்கு யாரும் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. ஐந்து வயதிலேயே தெரியும்.

ஆங்கிலத்திலும் இதே ஏற்பாடுதான். ‘வென்ட்’ என்பது நம் ‘போனேன்’ போல, தனியாக நிற்கும். ‘கான்’ என்பது நம் ‘போய்’ போல, ‘ஹேவ்’ என்ற துணைவினையைக் கேட்கும். இரண்டுமே நடந்து முடிந்ததைத்தான் சொல்கின்றன. ஆனால் ஒன்று முற்று, மற்றொன்று எச்சம். ‘ஹேவ் வென்ட்’ என்று எழுதுவது ‘போனேன் இருக்கிறேன்’ என்று எழுதுவதற்குச் சமம். பாஸ்ட் பார்ட்டிசிபல் என்று பாடநூல் சொல்வதை, இறந்தகால எச்சம் என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த ஒப்புமை ஒரு வாக்கியத்தோடு நிற்கவில்லை. ‘போயிருக்கிறேன்’ என்பது ‘ஹேவ் கான்’. ‘போயிருந்தேன்’ என்பது ‘ஹேட் கான்’. ‘போயிருக்க வேண்டும்’ என்பது ‘ஷுட் ஹேவ் கான்’. ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதும் இதே குடும்பம்தான். சாப்பிட்டு என்ற எச்சத்தோடு விடு என்ற துணைவினை சேர்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் ஈட்டன்’. தமிழில் துணைவினை பின்னால் வருகிறது, ஆங்கிலத்தில் முன்னால் வருகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

அப்படியானால் தவறு எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் நாம் நாள் முழுதும் மூன்று மொழிகளுக்குள் நுழைந்து வெளியே வருகிறோம். மலாய்மொழியில் காலத்தைக் காட்ட வினைச்சொல் உருமாறுவதில்லை. ‘சாயா சுடா மாக்கான்’ என்றாலும் ‘சாயா அக்கான் மாக்கான்’ என்றாலும் மாக்கான் மாக்கானாகவே இருக்கும். ‘சுடா’ முடிந்ததைக் காட்டும், ‘அக்கான்’ இனி நடக்கப்போவதைக் காட்டும். மாண்டரினிலும் வினை உருமாறாது. அது அந்த மொழிகளின் குறையன்று, அவற்றின் வழி அது. அந்தப் பழக்கத்தில்தான் ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்கிறோம். தேர்வுத்தாளில் ‘ஹேவ்’ போட வேண்டும் என்று நினைவு வந்ததும், தெரிந்த இறந்தகாலச் சொல் ஒன்றை அதன் பின்னால் வைத்துவிடுகிறோம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ‘ஹேவ் வென்ட்’ என்பதை ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் பேச்சு வழக்கில் சொல்வதுண்டு, ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் சில வட்டாரங்களிலும் அதைக் கேட்கலாம். தேர்வுக்கும் வேலைக்கும் உரிய பொது ஆங்கிலத்தில் அது ஏற்கப்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் தவறைச் செய்பவர்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் மட்டும் அல்லர்.

ஏன் இத்தனை தாறுமாறு?

“சரிக்கா, எச்சம்னு புரியுது. ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி மாறுதே. தமிழ் மாதிரி ஒழுங்கா இருக்கக் கூடாதா?” இது தம்பியின் அடுத்த கேள்வி.

தமிழ் ஒழுங்காக இருக்கிறதா? நில், சொல், கல் மூன்றும் ‘ல்’ என்றே முடிகின்றன. ஆனால் நின்றான், சொன்னான், கற்றான். ஓடு, போடு இரண்டுக்கும் ஒரே ஓசை. ஆனால் ஓடினான், போட்டான். நட என்றால் நடந்தான், படி என்றால் படித்தான். இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று இலக்கண வகுப்பில் படிக்கிறோம். எந்த வினைக்கு எது என்று நாம் யோசிப்பதே இல்லை. தமிழை வேற்றுமொழியாகக் கற்பவரிடம் கேட்டால்தான் அந்தச் சிரமம் தெரியும்.

ஓர் ஒற்றுமையையும் கவனியுங்கள். காண் என்பது கண்டேன் ஆகிறது. வா என்பது வந்தேன், தா என்பது தந்தேன். பின்னால் மெய்கள் சேர்ந்து வரும்போது நெடில் குறிலாகிறது. ஆங்கிலத்தில் கீப் – கெப்ட், ஸ்லீப் – ஸ்லெப்ட், ஃபீல் – ஃபெல்ட். அங்கும் நெடில் குறிலாகிறது. இரு மொழிகளுக்கும் உறவு ஏதுமில்லை. ஆனாலும் மனித வாய் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைச் செய்திருக்கிறது.

ஆங்கில வினைகளின் இந்த உருமாற்றம் மிகப் பழையது. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் ‘ஸிங்கன், ஸாங், கெஸுங்கன்’ என்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘ஸிங், ஸேங், ஸங்’ அதன் உடன்பிறப்பு. ஒரு காலத்தில் இத்தகைய வினைகள் இன்னும் அதிகமாக இருந்தன. ‘ஹெல்ப்’ என்ற எளிய சொல்லுக்கே ‘ஹோல்ப்பன்’ என்ற எச்சம் இருந்தது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் அதைக் காணலாம். இன்று அது ‘ஹெல்ப்ட்’ என்று ஒழுங்காகிவிட்டது.

எந்தச் சொல் ஒழுங்காகிறது, எது பழைய உருவிலேயே நிற்கிறது? ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைகளில் 177ஐ எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 ஒழுங்கற்றவையாகவே இருந்தன. இன்று 98தான் மீதம். அரிதாகப் பயன்படும் வினைகள் விரைவில் ஒழுங்காகிவிடுகின்றன, அடிக்கடி பயன்படுபவை மாறாமல் நிற்கின்றன. 100 மடங்கு குறைவாகப் பயன்படும் வினை, 10 மடங்கு வேகமாக ஒழுங்காகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. தினமும் நூறு முறை கேட்கும் சொல்லின் பழைய உருவம் மறக்காது. எப்போதோ ஒருமுறை கேட்கும் சொல்லுக்கு, தெரிந்த விதியைப் போட்டுவிடுகிறோம். அதனால்தான் ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் பி, ஹேவ், டூ, ஸே, கோ, கெட், மேக், நோ, டேக், ஸீ எல்லாமே ஒழுங்கற்றவையாக இருக்கின்றன. தமிழில் வா, போ, தா, சொல், காண் ஆகியவை அன்றாடச் சொற்களாக இருப்பதும் அப்படித்தான்.

‘வென்ட்’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. அது ‘கோ’ என்பதிலிருந்து பிறந்ததே அன்று. ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம் அது. ‘கோ’ அதைத் தனக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் எச்சமாகத் தன் பழைய ‘கான்’ என்பதையே வைத்துக்கொண்டது. தம்பியின் தாளில் இருந்த சிவப்பு மைக்குப் பின்னால் பல நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

படிக்க வேண்டியது எவ்வளவு?

புத்தகத்தின் பின்பக்கத்தில் நீண்ட பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நான்காகப் பிரித்தால் மலை குன்றாகிவிடும்.

முதல் வகையில் மூன்று உருவும் ஒன்றே. கட் – கட் – கட், புட் – புட் – புட். ஷட், ஹிட், ஹர்ட், காஸ்ட், லெட் எல்லாம் இப்படித்தான். இவை ‘ட்’ ஓசையில் முடிவதைக் கவனியுங்கள். இங்கே தவறு செய்ய வழியே இல்லை.

இரண்டாம் வகையில் இறந்தகாலமும் எச்சமும் ஒன்று. ப்ரிங் – ப்ராட் – ப்ராட், திங்க் – தாட் – தாட், டெல் – டோல்ட் – டோல்ட், ஸ்லீப் – ஸ்லெப்ட் – ஸ்லெப்ட். ரீட் – ரெட் – ரெட் என்பதும் இவ்வகைதான். ஆங்கில எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும், ஓசையில்தான் வேறுபாடு தெரியும். இறந்தகாலம் தெரிந்தால் எச்சமும் தெரிந்த மாதிரி.

மூன்றாம் வகையில் மூன்றும் வேறு. சிவப்பு மை பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது. இதற்குள் இரண்டு குடும்பங்கள் பெரியவை. ஒன்று, உயிரோசை மாறும் குடும்பம்: ஸிங் – ஸேங் – ஸங், ட்ரிங்க் – ட்ரேங்க் – ட்ரங்க், ஸ்விம் – ஸ்வேம் – ஸ்வம், பிகின் – பிகேன் – பிகன். மற்றொன்று, எச்சம் ‘ன்’ என்று முடியும் குடும்பம்: ரைட் – ரோட் – ரிட்டன், ட்ரைவ் – ட்ரோவ் – ட்ரிவன், ஈட் – ஏட் – ஈட்டன், டேக் – டுக் – டேக்கன், கிவ் – கேவ் – கிவன், ப்ரேக் – ப்ரோக் – ப்ரோக்கன், ஸ்பீக் – ஸ்போக் – ஸ்போக்கன், சூஸ் – சோஸ் – சோஸன், நோ – நியூ – நோன், ஸீ – ஸா – ஸீன், டூ – டிட் – டன், கோ – வென்ட் – கான்.

நான்காம் வகை மிகச் சிறியது. எச்சம் மூலச்சொல்லுக்கே திரும்பிவிடும். கம் – கேம் – கம், ரன் – ரேன் – ரன், பிகம் – பிகேம் – பிகம். ஆகவே ‘தி ரெயின் ஹேட் கம்’ என்பதே சரி.

முதல் இரண்டு வகைகளில் ‘ஹேவ் வென்ட்’ போன்ற தவறு நேரவே நேராது. மனம் வைக்க வேண்டியவை மூன்றும் நான்கும்தான். மேலே நான் சொன்னவற்றை எண்ணிப் பாருங்கள், இருபதைக்கூடத் தொடவில்லை.

நிகழ்கால எச்சம், அதாவது ‘இங்’ என்று முடிவது, இன்னும் எளிது. எவ்வளவு தாறுமாறான வினையாக இருந்தாலும் ‘இங்’ மட்டும் மாறாது. கோயிங், ஈட்டிங், பீயிங். எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம் வேண்டும். ‘ரன்னிங்’கில் ‘என்’ எழுத்து இரட்டிக்கும். ‘ரைட்டிங்’கில் ‘டி’ ஒன்றுதான், ‘ரிட்டன்’ என்பதில் இரண்டு. பலர் இரண்டிலுமே இரண்டு போட்டுவிடுகிறோம்.

தமிழை நம்பலாம், கொஞ்சம் கவனத்தோடு

நானும் தம்பியும் ஒரு சோதனை வைத்துக்கொண்டோம். எழுதப்போகும் வாக்கியத்தை முதலில் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பது. ‘பார்த்தேன்’ என்று முடிந்தால் ‘ஸா’. ‘பார்த்திருக்கிறேன்’, ‘பார்த்துவிட்டேன்’, ‘பார்த்திருந்தேன்’ என்று வந்தால் துணைவினையோடு ‘ஸீன்’. பெரும்பாலும் இது கைகொடுக்கிறது. ஆனால் மூன்று இடங்களில் தமிழ் வழி ஆங்கில வழியோடு ஒட்டாது.

முதலாவது, காலத்தைக் குறிக்கும் சொல். ‘நேற்று’, ‘போன வாரம்’ என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ வராது. ‘ஐ ஸா ஹிம் எஸ்டர்டே’ என்பதே சரி.

இரண்டாவது, போய்வந்த கதை. ‘அவர் பினாங்குக்குப் போயிருக்கிறார்’ என்றால் இப்போது அங்கே இருக்கிறாரா, எப்போதோ போய்த் திரும்பினாரா என்பது இடத்தைப் பொறுத்தது. ஆங்கிலம் இதைப் பிரிக்கிறது. இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஹேஸ் கான்’. போய்த் திரும்பிவிட்டார் என்றால் ‘ஹேஸ் பீன்’. தம்பியின் முதல் வாக்கியம் உண்மையில் ‘வி ஹேவ் பீன் டு கேமரன் ஹைலண்ட்ஸ்’ என்று இருக்க வேண்டும். ‘ஹேவ் கான்’ என்றால் இன்னும் மலையிலேயே இருப்பதாகப் பொருள்.

மூன்றாவது, பெயரெச்சம். தமிழில் ‘தின்ற பழம்’ என்றும் சொல்லலாம், ‘தின்ற சிறுவன்’ என்றும் சொல்லலாம். ஒரே ‘தின்ற’ இரண்டுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் ‘ஈட்டன்’ பழத்துக்கு மட்டும்தான். ‘ஈட்டன் பாய்’ என்றால் சிறுவனை யாரோ தின்றுவிட்டார்கள் என்று ஆகிவிடும்! இதே காரணத்தால்தான் ‘போர்ட்’, ‘போரிங்’ இரண்டும் குழப்புகின்றன. சலிப்பு அடைந்தவர் ‘போர்ட்’, சலிப்பைத் தருபவர் ‘போரிங்’. வகுப்பில் சலித்துப்போய் ‘ஐ எம் போரிங்’ என்றால், ‘நான் பிறரைச் சலிக்க வைப்பவன்’ என்று நம்மைப் பற்றி நாமே புகார் செய்கிறோம்.

தம்பி கட்டுரையைத் திரும்ப எழுதினான். இந்த முறை 3 இடங்களில்தான் சிவப்பு மை. அவற்றில் ஒன்று ‘ஐ எம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் ஃபுட்பால்’.

“இன்ட்ரஸ்டட்னு வரணும். நீ எழுதினதுக்கு நீதான் சுவாரஸ்யமான ஆளுன்னு அர்த்தம்,” என்றேன்.

“அதுவும் உண்மைதானேக்கா,” என்றான்.

அன்றிரவு அம்மாவிடம் ‘போனோம் இருக்கோம்’ கதையைச் சொன்னேன். அம்மா ஐந்தாம் படிவம் வரை படித்தவர். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு இப்படி யாரும் சொல்லித் தரலயே. வென்ட், கான்னு பலகையில எழுதி அம்பது தடவ எழுதச் சொன்னாங்க,” என்றார்.

சித்தி எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார் என்று எனக்குத் தெரியாது. அதில் வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம், பேருந்து உண்டா என்று வேறு கணக்குகளும் இருக்கின்றன. ஆனால் அவர் மறுபடி அழைத்தபோது அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. “ஆங்கிலம் கெட்டுப்போகும்னு பயந்து முடிவு எடுக்காதே. வேற காரணம் இருந்தா யோசி.”

எனக்கு அது போதும்.